ஒரு டன் கழிவுப்பாகில் எத்தனை லிட்டர் ஸ்பிரிட்?
சர்க்கரை வியாபாரிக்கு உதவும் ஒரு கணக்கு

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி, கரும்புச் சாற்றை நேரடியாக எத்தனால் தயாரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. எட்டே நாளில், 15-ஆம் தேதி, 17 லட்சம் டன் சர்க்கரைக்கு ஈடான அளவு வரை சாற்றையும் 'பி' கழிவுப்பாகையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அந்த ஆணை தளர்த்தப்பட்டது. கையில் சரக்கு வைத்திருந்த வியாபாரிகளும், முன்பேரம் பேசி அட்வான்ஸ் கொடுத்திருந்தவர்களும் அந்த நாட்களில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: 17 லட்சம் டன் என்பது பெரிய அளவா, சிறிய அளவா? விலை ஏறுமா, இறங்குமா?

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் சாராய ஆலைக்காரர் போடும் கணக்கு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். மளிகைக் கடைக்காரருக்கும் சாராய ஆலைக்கும் என்ன சம்பந்தம் என்று சில அன்பர்கள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நம் தராசில் ஏறும் சர்க்கரையும், ஆலையின் தொட்டியில் ஊறும் கழிவுப்பாகும் ஒரே கரும்பிலிருந்து பிரிந்து வருபவை. அங்கே ஒரு லிட்டர் கூடினால் இங்கே ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைகிறது. அது எப்படி என்பதை உயர்நிலைப் பள்ளிக் கணிதத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

கழிவுப்பாகு என்பதை ஆலைகளில் மொலாசஸ் என்பார்கள். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கருநிறப் பாகு அது. அதில் உள்ள சர்க்கரைச் சத்து முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடாது. ஈஸ்ட் தின்னக்கூடிய பகுதி நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். சரக்கைப் பொறுத்து இது கூடும், குறையும். அப்படியானால் ஒரு டன் பாகில் 400 கிலோ சத்து இருக்கிறது.

ஈஸ்ட் இந்தச் சத்தைத் தின்று ஒரு பங்கைச் சாராயமாகவும் இன்னொரு பங்கைக் கரியமில வாயுவாகவும் ஆக்குகிறது. 100 கிலோ சத்தில் 51 கிலோ சாராயம், 49 கிலோ வாயு. ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆகாயத்தில் போய்விடுகிறது. எந்த ஆலை எவ்வளவு நவீன இயந்திரம் போட்டாலும் இந்த விகிதத்தை மாற்ற முடியாது. சாராயம் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் 789 கிராம்தான் நிற்கும். ஆகவே 51 கிலோ என்பது அளவில் ஏறக்குறைய 65 லிட்டர். நம் 400 கிலோவுக்கு 259 லிட்டர். இதுவே ஏட்டுக் கணக்கின் உச்சவரம்பு.

நடைமுறையில் அவ்வளவு வராது. ஈஸ்ட்டும் ஓர் உயிர்தான். தான் வளரவும் பெருகவும் கொஞ்சம் சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. கிளிசரின் போன்ற உபரிப் பொருள்களாகவும் கொஞ்சம் போகிறது. இந்த வகையில் சுமார் 5 சதவீதம் கழியும் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டு சொல்லிவிட்டார். மீதி நஷ்டம் தொட்டியின் நிலைமையைப் பொறுத்தது. வேண்டாத பாக்டீரியா புகுந்தால் சாராயத்துக்குப் பதில் புளிப்புத்தான் கூடும். சூடு 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் தொட்டியைக் குளிர்விக்கத் தண்ணீர் போதாத ஆலைக்கு விளைச்சல் குறைவது இதனால்தான். பாகை அதிக நாள் வெயிலில் தொட்டியில் வைத்திருந்தாலும் சத்து கருகிக் குறையும். மழைக்காலத்தில் வெல்ல மூட்டை கசிந்து எடை குறைவதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் சேர்த்து நொதிப்பில் 88 சதவீதம் தேறுகிறது என்று கொண்டால் 228 லிட்டர். பிறகு காய்ச்சி வடிக்கும்போது, வடித்த பின் மிஞ்சும் நீரோடும் ஆவியோடும் 2 சதவீதம் போகும். கையில் நிற்பது 223 லிட்டர். கழிவுப்பாகு டன்னுக்கு 220 முதல் 240 லிட்டர் வரை என்று ஆலை வட்டாரத்தில் பொதுவாகச் சொல்லுவது இதைத்தான். யாராவது 300 லிட்டர் எடுப்பதாகச் சொன்னால், அது கடைசிக் கழிவுப்பாகு அல்ல, வேறு சரக்கு என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

ஆலையில் அன்றாடம் இதை இன்னொரு வழியிலும் பார்க்கிறார்கள். தண்ணீர் கலந்து ஈஸ்ட் போட்ட பாகை 'வாஷ்' என்பார்கள். நம் ஊர் வழக்கில் ஊறல். பால் வியாபாரி லாக்டோமீட்டர் விடுவதுபோல் இதில் ஹைட்ரோமீட்டரை விட்டு அடர்த்தி பார்ப்பார்கள். சர்க்கரை இருக்கும்வரை அடர்த்தி அதிகம். அது சாராயமாக மாற மாற அடர்த்தி இறங்கும். ஆரம்பத்தில் 1.090 காட்டியது முடிவில் 1.035-க்கு வந்தால் இறக்கம் 0.055. இதை 131-ஆல் பெருக்கினால் 7.2. அதாவது ஊறலில் நூற்றுக்கு 7.2 பங்கு சாராயம் இருக்கிறது. ஒரு லட்சம் லிட்டர் ஊறல் என்றால் 7,200 லிட்டர். வடிப்பு நஷ்டம் போக 7,056 லிட்டர். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே இவ்வளவு வரும் என்று தெரிந்துவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கலால் துறை இந்த இறக்கத்தை வைத்தே, ஆலைக்காரர் கணக்கில் காட்டிய அளவு சரிதானா என்று பார்த்து வரி போட்டது. ஊறலின் அடர்த்தி அதிகாரியின் ஏட்டில் ஏறிய பிறகு பீப்பாயை மறைத்துப் பயனில்லை அல்லவா!

எந்த லிட்டர்?

இந்த இடத்தில் வியாபாரிகள் ஏமாறக்கூடிய ஒரு விஷயம் உண்டு. லிட்டர் என்று எண்ணைச் சொன்னால் போதாது; எத்தனை சதவீத லிட்டர் என்று கேட்க வேண்டும். மேலே நாம் சொன்ன 223 லிட்டர் தண்ணீர் கலக்காத சுத்தச் சாராயம். ஆலையிலிருந்து வரும் ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டில் 95 பங்குதான் சாராயம். அந்தக் கணக்கில் இதுவே 235 லிட்டர். பாட்டிலில் அடைக்கும் மதுவில் 42.8 பங்கு, அந்தக் கணக்கில் 521 லிட்டர். பழைய கலால் ஏடுகளில் 'புரூஃப்' என்று வரும். 100 புரூஃப் என்பது 57.1 சதவீதம், 42.8 சதவீதம் என்பது 75 புரூஃப். ஒரே டன் பாகுக்கு ஒருவர் 223 என்றும், ஒருவர் 235 என்றும், ஒருவர் 521 என்றும் சொன்னால் மூவருமே உண்மை சொல்பவர்களாக இருக்கலாம். சாக்கோடு எடையா, சாக்குக் கழித்த எடையா என்று கேட்காமல் நாம் மிளகாய் வாங்குவதில்லையே.

இன்னொரு விசித்திரம், 50 லிட்டர் சாராயத்தையும் 50 லிட்டர் தண்ணீரையும் கலந்தால் 100 லிட்டர் வராது. 96 லிட்டருக்குச் சற்று மேல்தான் வரும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நெருங்கி உட்கார்ந்துகொள்கின்றன. எடை போட்டால் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது, அளவில்தான் குறையும்.

சூட்டின் விளைவு இதைவிட முக்கியம். ஸ்பிரிட் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக விரியும். பகல் 35 டிகிரியில் 20,000 லிட்டர் ஏற்றிய டேங்கர், 25 டிகிரி உள்ள ஊரில் அதிகாலையில் போய் இறக்கினால் சுமார் 220 லிட்டர் குறைவாகக் காட்டும். டிரைவர் எடுத்துவிட்டான் என்று கூச்சல் போடுமுன் தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டும். இந்தச் சங்கடம் நம் கடைக்கும் உண்டு. சமையல் எண்ணெயும் விரியும், ஸ்பிரிட் அளவுக்கு இல்லாவிட்டாலும். 60 டிகிரி சூட்டில் அளந்து 'ஒரு லிட்டர்' என்று அச்சடித்த பாக்கெட்டில், 21 டிகிரியில் அளந்த பாக்கெட்டைவிடச் சுமார் 25 கிராம் குறைவாக இருக்கும். ஆகவேதான் வெப்பநிலையைக் குறிப்பிட்டு அளவை எழுதும் வழக்கத்தை விட்டுவிட்டு, எடையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை எண்ணெய் கம்பெனிகளுக்குச் சொன்னது. எண்ணெய் வாங்கும் வாடிக்கையாளர் 910 கிராம்தானே இருக்கிறது என்று கேட்டால், பாக்கெட்டில் எழுதியிருக்கும் எடையைக் காட்டி விளக்குவது நம் கடமை.

சர்க்கரை எங்கே போகிறது?

இனி நம் சரக்குக்கு வருவோம். கரும்புச் சாற்றைச் சர்க்கரை ஆலையில் மூன்று தடவை காய்ச்சிப் படிக எடுக்கிறார்கள். மூன்றாவது தடவைக்குப் பின் மிஞ்சுவது 'சி' கழிவுப்பாகு. அதிலிருந்து இனிமேல் லாபகரமாகச் சர்க்கரை எடுக்க முடியாது. இரண்டாவது தடவையோடு நிறுத்திவிட்டால் மிஞ்சுவது 'பி' கழிவுப்பாகு. அதில் எடுக்காமல் விட்ட சர்க்கரை இன்னும் இருக்கிறது. ஆகவே 'பி' பாகில் டன்னுக்கு 300 லிட்டர் அளவுக்கு ஸ்பிரிட் கிடைக்கிறது. ஒரு தடவைகூடச் சர்க்கரை எடுக்காமல் சாற்றையே ஊறலாகப் போட்டால் ஒரு டன் கரும்புக்குச் சுமார் 70 லிட்டர் வரும். சர்க்கரை ஒன்றும் வராது.

ஒரு டன் கரும்பை வைத்து ஒப்பிடுவோம். 'சி' வழியில் போனால் சுமார் 100 கிலோ சர்க்கரையும், 45 கிலோ கழிவுப்பாகும், அதிலிருந்து 10 லிட்டர் ஸ்பிரிட்டும் வரும். தமிழ்நாட்டுக் கரும்பில் சர்க்கரைக் கட்டுமானம் இதைவிடக் குறைவாகவே இருப்பது வழக்கம். கணக்கு எளிதாக இருக்க 100 என்று வைத்தோம். 'பி' வழியில் போனால் சர்க்கரை 85 கிலோவாக இறங்கும். பாகு 65 கிலோ அளவுக்கு ஏறும். ஸ்பிரிட் 19 லிட்டர் வரும். 15 கிலோ சர்க்கரையை விட்டுக்கொடுத்து 9 லிட்டர் கூடுதலாகப் பெறுகிறார்கள். ஒரு கிலோ சர்க்கரைக்கு சுமார் 600 மில்லி. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 1.65 கிலோ. இந்த ஓர் எண்ணை மட்டும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது 17 லட்சம் டன்னை எடுத்துக்கொள்ளுங்கள். 170 கோடி கிலோ. அதில் வரக்கூடியது சுமார் 100 கோடி லிட்டர் எத்தனால். நாடு முழுவதும் ஓர் ஆண்டுக்குச் சுமார் 280 முதல் 290 லட்சம் டன் சர்க்கரை செலவாகிறது. மாதத்துக்கு 24 லட்சம் டன் என்று கொண்டால், 17 லட்சம் டன் என்பது மூன்று வாரச் செலவு. ஆண்டுக் கடைசியில் ஆலைகளின் கையிருப்பு இரண்டு இரண்டரை மாதத்துக்கு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் வியாபாரத்தில், மூன்று வாரம் என்பது அலட்சியப்படுத்தக் கூடியதும் அல்ல, தலையில் இடி விழுந்ததாகக் கருத வேண்டியதும் அல்ல. அந்த எட்டு நாளில் பயந்து விற்றவர்களும் பேராசையில் வாங்கிக் குவித்தவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் சற்று நிதானித்திருப்பார்கள் என்பது நம் கருத்து.

ஆலைக்காரர் எந்த வழியில் போவார் என்பதையும் இதே கணக்கால் ஊகிக்கலாம். எண்ணெய் கம்பெனிகள் எத்தனாலுக்குக் கொடுக்கும் விலையை வகை வாரியாக அரசு நிர்ணயித்து வந்திருக்கிறது. 2022-23 எத்தனால் ஆண்டில் 'சி' வகைக்கு லிட்டர் 49 ரூபாய் 41 காசு. 'பி' வகைக்கு 60 ரூபாய் 73 காசு. சாற்று வகைக்கு 65 ரூபாய் 61 காசு. ஆலை வாசலில் சர்க்கரை கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் கரும்புக்கு, 'சி' வழியில் 10 லிட்டருக்கு 494 ரூபாய். கூடுதலாகக் கிடைக்கும் 15 கிலோ சர்க்கரைக்கு 525 ரூபாய். ஆக 1,019 ரூபாய். 'பி' வழியில் 19 லிட்டருக்கு 1,154 ரூபாய். டன்னுக்கு 135 ரூபாய் அதிகம். நாளொன்றுக்கு 5,000 டன் அரைக்கும் ஆலைக்கு இது ஆறே முக்கால் லட்ச ரூபாய். போதாததற்கு எத்தனால் பணம் சில வாரங்களில் வந்துவிடும். சர்க்கரையோ மாதாந்திர ஒதுக்கீட்டுக்காகக் குடோனில் காத்துக் கிடக்க வேண்டும், வங்கி வட்டியும் ஏறும். ஆலைக்காரரும் நம்மைப் போல் வியாபாரிதானே. கிலோ 44 ரூபாய்க்கு மேல் சர்க்கரை விலை ஏறினால் ஒழிய அவர் 'சி' வழிக்குத் திரும்பியிருக்க மாட்டார்.

ஆனால் 2025 ஜனவரியில் அரசு 'சி' வகையின் விலையை 57 ரூபாய் 97 காசாக உயர்த்தி, மற்ற இரண்டையும் பழைய விலையிலேயே வைத்தது. இப்போது கணக்கு மாறிவிடுகிறது. 'சி' வழியில் 10 லிட்டருக்கே 580 ரூபாய் வந்துவிடுகிறது. வித்தியாசம் 574 ரூபாயை 15 கிலோவால் வகுத்தால் 38 ரூபாய். ஆலை வாசல் விலை 38-ஐத் தாண்டினாலே 'பி' வழியில் லாபம் இல்லை. அந்த 15 கிலோ சர்க்கரை மூட்டையாகவே மண்டிக்கு வந்துவிடும். செய்தித்தாளில் உள்பக்கத்தில் நாலு வரியில் வரும் விலை மாற்றங்கள், 2022-23-ல் 44 ஆக இருந்த வரம்பை 38-க்கு இறக்கிவிட்டன பாருங்கள். காய்ச்சும் கூலி, மின்சாரம் போன்றவற்றை இதில் நாம் சேர்க்கவில்லை. ஆலைக்கு ஆலை சில்லறை வித்தியாசம் வரும். நமக்கு வேண்டியது திசை மட்டுமே. கர்நாடகாவிலிருந்தும் மகாராஷ்டிராவிலிருந்தும் லோடு எடுக்கும் மொத்த வியாபாரிகள் அங்கத்திய ஆலைகள் எந்த வழியில் ஓடுகின்றன என்று புரோக்கரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தானிய வியாபாரிகளையும் இந்தக் கணக்கு விடுவதில்லை. மக்காச்சோளத்தில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்து என்றால் டன்னுக்கு 380 லிட்டர். குருணை அரிசியில் 450 லிட்டர். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனால் ஆலைகளுக்கு அரிசி கொடுப்பதை நிறுத்தியது; 2024-ல்தான் மீண்டும் அனுமதி வந்தது. இடையில் ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. லிட்டர் 71 ரூபாய் 86 காசு விலையில் ஒரு டன் சோளத்துக்கு 27,300 ரூபாய் எத்தனால் வருமானம். கூடவே ஏறக்குறைய 300 கிலோ வடிசக்கை, அதுவும் தீவனமாக விலை போகும். இந்த விலையோடு போட்டி போட வேண்டியவர்கள் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள். சோளத்தை ஏற்றுமதி செய்து வந்த நம் நாடு 2024-ல் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. தீவன விலையின் சுமை முட்டை விலையிலும் வந்து சேரும்; ஆகவே முட்டை வைத்து விற்கும் சிறு கடைக்காரரும் சோள விலையைக் கவனிக்க வேண்டியவராகிறார்.

வெல்லம் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெல்லத்தில் கழிவுப்பாகைப்போல் இரண்டு மடங்கு சர்க்கரைச் சத்து இருப்பதால் கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்களின் கண் அதன்மேல் இருப்பது பழைய கதை. லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுவது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். அறிமுகம் இல்லாத ஆள் பூச்சி அரித்த மட்ட வெல்லத்தைப் பத்து மூட்டை, இருபது மூட்டை என்று ரொக்கத்துக்குக் கேட்டால், பெயர், விலாசம், வண்டி எண் எழுதிய பில் இல்லாமல் சரக்கை இறக்கிக் கொடுக்காதீர்கள். பிற்பாடு விசாரணை வந்தால் நம்மிடம் பேசுவது அந்தப் பில் ஒன்றுதான்.

சர்க்கரை ஆண்டு அக்டோபரில் தொடங்குகிறது. எத்தனால் ஆண்டு நவம்பரில். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்ற இலக்கு 2025-லேயே எட்டப்பட்டுவிட்டதால், எண்ணெய் கம்பெனிகள் எந்த வகையை எவ்வளவு எடுக்கின்றன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தீபாவளிக் கொள்முதல் முடிந்த கையோடு அந்த ஒதுக்கீட்டையும் மூன்று வகை விலையையும் தேடி எடுத்து, மேலே சொன்ன 10, 19, 15 என்ற எண்களில் பொருத்திப் பாருங்கள். பொங்கலுக்கு எத்தனை மூட்டை பிடிப்பது என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.